இல்லாததற்கு அத்தாட்சி

மார்ச் முப்பத்தொன்றோடு
எங்கள் கணக்குத் தலைப்பு முடிந்துபோனது.
"தலைப்பே போச்சுதும்மா" என்றார் ரேஞ்ச் ஆபீஸ் கிளார்க்,
பங்காளி தவறிய குரலில்.

அறுபத்திரண்டு பேர்.
தாமரைக்கரைக்கு மேலே மூன்று வருசம்
உண்ணிச்செடி பிடுங்கியவர்கள்.
நாளைக்கு நானூற்றிருபது,
ஒரு ஜோடி கையுறை;
அது இரண்டாம் வாரம் கிழியும்.

அந்தியூர் பஸ் ஸ்டாண்டு எதிரே
ஜெராக்ஸ் கடையில் மனு எழுத உட்கார்ந்தோம்.
'பயனாளிகள்' என்ற கட்டத்தில்
எங்கள் பேரை வரிசையாய் எழுதினாள் அபிராமி.
"ஆனையையும் எழுதோணும்ல?" என்றான் கெம்பன்.
"ஆதார் நம்பர் கேப்பாங்கடா."
கடைக்காரர் சிரித்து இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

செங்கல் சூளை, வாழைத்தார் ஏலம், ஆட்டோ நிறுத்தம்,
கையெழுத்துக்கு அலைந்தோம்.
"காட்டுல புல்லு மொளச்சா எனக்கென்னுங்?"
வெற்றிலை மண்டிக்காரர்.
"மொளச்சா ஆனை மேலயே இருந்துக்குமுங்.
மொளைக்காட்டி உங்க தோட்டத்துக்கு வருமுங்."
பேனாவை வாங்கினார்.
மகன் பேரிலும் ஒன்று போட்டார்,
வேண்டாம் என்றோம், கேட்கவில்லை.
"எல்லாம் வேஸ்டுங்க" என்று சொல்லிக்கொண்டே
சுத்தமாய், முதலெழுத்தோடு, போட்டவர் ஒருவர்.

அதே வாரம் பெருந்துறைக் கம்பெனி வேன்
அடிவாரத்தில் நின்று ஆள் எடுத்தது.
பதினேழு பேர் ஏறினார்கள்.
துளசிமணிக்குக் குழுக்கடன் தவணை இருந்தது.
கிளம்பின வேனின் ஜன்னலில் கையை நீட்டித்
தாளைக் கேட்டாள்.
நாலாயிரம் பேரில்
அவள் பேர் மட்டும் மேலும் கீழும் குதிக்கும்,
மேடுபள்ளம் அப்படியே பதிந்து.

திங்கட்கிழமை, ஈரோடு.
கலெக்டர் ஆபீஸ் கேட்டில்
போலீஸ்காரம்மா பையைத் திறக்கச் சொன்னார்.
மண்ணெண்ணெய் தேடும் கைக்கு
ஒரு வேர் கிடைத்தது,
முழங்கை நீளம், செம்மண் உதிர்த்தபடி.
"என்னது இது?"
"அத்தாட்சிங்க" என்றான் கெம்பன்.
முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார்.

"மூணு வருசமா என்ன செஞ்சீங்க? போட்டோ இருக்கா?"
இருந்தது. நீட்டினேன்.
அதிகாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.
"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

அதுதானுங்க.
அந்த ஒண்ணுமில்லாததற்குத்தான் மூன்று வருசம்.
ஆளுயரப் புதர், உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு,
மான் நுழையாது, பட்டி மாடு நுழையாது.
தூரோடு அறுத்து,
வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துக் காயவைத்து,
மறுமழைக்குத் திரும்பிப் போய்
பறவை எச்சத்தில் வந்த விரலளவுக் கன்றையும் பிடுங்கி,
நாலாம் வருசம் போகாவிட்டால்
முதல் மூன்றும்...

இப்படித்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
பின்னால் வரிசை நெருக்கியது,
பட்டா மாறுதல், முதியோர் பென்சன், உடைந்த பாலம்.
"புல்லுங்க சார்" என்று மட்டும் வந்தது.

முத்திரை விழுந்தது. மனு எண் கிடைத்தது.
'பரிசீலனையில்.'
"இந்தக் கட்டையை என்னம்மா பண்றது?"
"தலைகீழா வைங்க சார்,
நேரா வெச்சா பொழச்சுக்கும்"
என்றான் கெம்பன், நிஜமான கவலையோடு.

பவானி தாண்டும்போது கோடை மழை.
பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோசம்.
நாங்கள் மேற்கே பார்த்துக்கொண்டு வந்தோம்,
மலை தெரியவில்லை, அங்கேயும் பெய்யும்.
எத்தனை நாளில் முளைவிடும் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த திங்களுக்கு எத்தனை பேர் என்று
அபிராமி விரல் மடக்கினாள்.
வேனில் போனவங்களைச் சேர்த்தா, விட்டா?
"சேர்த்துத்தான்" என்றாள்,
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி.